அகலக்கால்

பெட்டி நான்கும் வியாழன் மதியம் வந்தன.
அட்டையைக் கிழித்த அன்செல்ம்
உள்ளே எட்டிப் பார்த்து
"வெண்கலம்" என்றான்.
நிறம் மட்டும்தான் அது. உள்ளே இருப்பது
சுழற்றிச் சுழற்றி மெலிய வைத்த அலுமினியம்.
மாயென் ஊர் ஸ்லேட் கூரையெல்லாம்
மழையில் கருத்துக் கிடந்தது.

அகலக்கால் வைக்காதே என்பதெல்லாம்
நடந்து போகிறவர்களுக்கு.
எட்டு அங்குல ரிம்,
இருநூற்றிருபத்தைந்து டயர்.
வைத்துவிட்டேன்.
இருபத்துமூன்று வயது மாஸ்டாவுக்கு
இது கொஞ்சம் அதிகம், தெரியும்.
வாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு
ஞாயிற்றுக்கிழமையாவது
ஏதோ ஒன்று சொன்ன பேச்சுக் கேட்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடையை
வண்டி சுமந்துகொள்ளும்.
கீழே இருப்பதை
ஒவ்வொரு குழியும் தூக்கிப் போட்டு விளையாடும்.
அதனால் கீழே குறை, மேலே பரவாயில்லை
என்பான் அன்செல்ம்,
தன் தொப்பையைத் தட்டிக்கொண்டே.

எவ்வளவு குறைகிறது என்று பார்க்க
வீட்டிலிருந்து குளியலறைத் தராசைக்
கொண்டுபோயிருந்தேன்.
சக்கரத்தை அதன்மேல் வைத்தால் எண் மறைந்துவிடுகிறது.
கட்டிப் பிடித்துக்கொண்டு நானே ஏறி நின்றேன்,
பழைய சக்கரத்தோடு.
அன்செல்ம் குந்தி உட்கார்ந்து படித்தான்:
எழுபத்துநான்கு புள்ளி இரண்டு.
"நீ எவ்வளவு?"
"அறுபத்தெட்டு."
பென்சிலால் கழித்தான். சிரித்தான்.
"டயரோடு சேர்த்து ஆறு கிலோவா?
பழசே இப்படியென்றால்
புதுசுக்கு ஏனம்மா இந்தக் காசு?"

சக்கரத்தை இறக்கி வைத்துவிட்டு
வெறுங்கையோடு ஏறினேன்.

ஐம்பத்தொன்பது.

தராசு கெட்டிருக்கும் என்றேன்.
அவன் ஏறி நின்றான்.
நூற்றுநான்கு. எப்போதும் போல.
கம்ப்ரஸர் ஒருமுறை உறுமி ஓய்ந்தது.
பிறகு வேலையைப் பார்த்தோம்.
புதிய சக்கரம் பதின்மூன்றரைக்குக் கொஞ்சம் கீழே.
நான்கையும் சேர்த்தால்
காருக்கு ஏழு கிலோ மிச்சம்.

பின்பக்க மட்கார்டின் விளிம்பைச்
சூடு காட்டி, உருளையால் உருட்டி
உள்பக்கம் மடித்தான். பெயிண்ட் வெடிக்கவில்லை.
குறுக்குமறுக்காக நட்டு முடுக்கினேன்.
டார்க் ரெஞ்ச் "டக்" என்றது,
பதினாறு முறை.
போதும் என்று சொல்லத் தெரிந்த கருவி
அந்தக் கொட்டகையில் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை சோதனை நிலையத்தில்
கிரெம்ப் அம்மாள் ஒரு சக்கரத்தின் அடியில்
மரக்கட்டையைச் செருகி
ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கச் சொன்னாள்.
டார்ச்சோடு குனிந்து, இடுக்கில் விரல் விட்டுப் பார்த்தாள்.
எங்கும் உரசவில்லை.
முத்திரை குத்தியபடி என்னை நிமிர்ந்து பார்த்து
"ஜாக்கெட் பெரிதாக இருக்கிறதே, அண்ணனுடையதா?"
என்னுடையதுதான். போன இலையுதிர்காலத்தில்
அளவெடுத்து வாங்கியது.

ஞாயிறு காலை மலையேறினேன்.
வளைவில் கார் தயங்கவே இல்லை,
நினைப்பதற்குள் திரும்பியிருந்தது.
ஆனால் லாரிகள் உழுத பள்ளம் வந்தால்
அகல டயர் அதன் பின்னாலேயே போகப் பார்க்கிறது,
பிறர் போன தடத்தில்
அப்படி என்ன இருக்கிறதோ.
இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தேன்.
இறங்கியபோது தோள் நடுங்கியது.
முன்பெல்லாம் நடுங்காது.

ரசீதின் பின்புறம்
அன்செல்ம் கழித்துப் பார்த்த கணக்கு இருந்தது.
அதற்குக் கீழே, நான் கவனிக்காதபோது எழுதியது:
"கார் இழந்த ஏழுக்கு
ஆயிரத்து முந்நூறு யூரோ கொடுத்தாய்.
நீ இழந்த ஒன்பது இலவசமாக வந்திருக்கிறது.
இருபது வருடம் டயர் விற்றவன் சொல்கிறேன்,
இலவசத்தை நம்பாதே."
பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்.

திங்கள், எட்டேகால்.
டாக்டர் வீட்டு வாசலில் இடம் இருந்தது.
நடைபாதைக் கல் ரிம்மைக் கீறிவிடும் என்று
ஒரு முழம் தள்ளியே நிறுத்தினேன்.
இறங்கி, சுற்றி வந்து,
நான்கையும் ஒருமுறை பார்த்தேன்.
பிறகு திரும்ப ஏறி
இன்னும் ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன்.